என் பெயரில் ஒரு மன்னிப்பு

இயேசு மரி சூசை
புதுப்பட்டினம்
21.8.2000

அன்புள்ள ஆக்னஸ் அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கஞ்சி அண்டாவைக் கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்துப் போட்டேன். பல்கூடத் தேய்க்கவில்லை. வழிந்து கிடந்த பருக்கைகளுக்குக் காக்கைகள் வந்தன. இனி இந்த வீட்டில் யாருக்கும் கஞ்சி கிடையாது. வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் வேறு வாசலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் இருமல் தேவலையா? கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மதியம் ராயபுரத்து மதலைமுத்து அண்ணன் தன் நடைக் கூட்டத்தோடு வந்தார். முன்னால் மாதா தேர், பின்னால் ஒலிபெருக்கி கட்டிய மூன்று சக்கர வண்டி, அதற்கும் பின்னால் காவி கட்டிய ஜனங்கள். ஒவ்வொரு ஆகஸ்டும் நம் வாசலில்தான் அவர்களுக்கு மதியக் கஞ்சி. என் வீட்டுக்காரர் இல்லாத முதல் வருஷம், நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். பிலவேந்திரன் இருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார் என்று ஊற்றினேன். வரிசையாகத் தட்டு வந்தது, ஊறுகாய் வைத்தேன், கஞ்சி ஊற்றினேன், முகம் யாருடையது என்று பார்க்கவில்லை. ஒரு தட்டு மட்டும் நடுங்கியது. நிமிர்ந்து பார்த்தால் மொட்டைத் தலை, காவி வேட்டி, கழுத்தில் ஜெபமாலை. ராயப்பன்.

போன வருஷம் இதே நாட்களில் கூவத்தூர் தாண்டி என் புருஷன்மேல் மீனுக்கு ஐஸ் கொண்டுபோகிற வண்டியை ஏற்றிவிட்டுப் போனவன். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். நம் கோயில் பங்குக்காரன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"சிஸ்டர் வூட்டுக்கே வந்து சொன்னாங்க டீச்சர், நீங்க எல்லாரும் மன்னிச்சிட்டீங்கன்னு. அந்த தைரியத்துலதான் காவி கட்டுனேன். இல்லன்னா இந்தப் பக்கம் தல வச்சிப் படுப்பேனா?"

கரண்டி ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. கஞ்சி அவன் தட்டில் விழுந்துவிட்டது. பார்த்த ஜனங்களெல்லாம் "மரியே வாழ்க" என்று கத்தினார்கள். இரண்டு பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அடுத்த தட்டுக்குக் கரண்டியை நீட்டினேன்.

மே மாதம் மடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தாயே. ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு, "சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பினாய். பழைய சிநேகிதி யாரையோ பார்க்கப் போகிறாய் என்று நினைத்தேன். அங்கே ராயப்பன் வீட்டுக்குப் போனாயா? அவனிடம் சொன்னாயா? யார் உன்னைச் சொல்லச் சொன்னது?

பதில் எழுது.

அமலோற்பவம்


ஜஷ்பூர், மத்தியப் பிரதேசம்
14.9.2000

இயேசுவின் இருதயத்தில் என்றும் என் பிரியத்துக்குரிய அமலிக்கு,

நீயும் மகள் பிரதீபாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். படூர் காலேஜ் ஹாஸ்டலில் அவளுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உன் முட்டிக்கு விளக்கெண்ணெய் தடவுகிறாயா? இங்கே மழை ஓயவில்லை. மலேரியாக்காரர்கள் மருந்தகத்துத் தாழ்வாரம் முழுக்கப் படுத்திருக்கிறார்கள். என் இருமல் பரவாயில்லை. ராத்திரியில் மட்டும் கொஞ்சம் வரும்.

நேற்று ஓர் உராவ்ன் பழங்குடித் தாய் மூன்று மலை ஏறி இறங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் பாதங்களைக் கழுவியபோது உன் வாசலில் வந்து நிற்கிற நடைக்காரர்களை நினைத்துக்கொண்டேன். அந்தக் கஞ்சியை நிறுத்திவிடாதே, அமலி. பிலவேந்திரன் அதைத் தன் ஜெபம் மாதிரி செய்துவந்தார்.

இது யூபிலி ஆண்டு. கடன்களெல்லாம் தள்ளுபடியாகும் ஆண்டு என்று பழைய ஏற்பாட்டில் படிக்கிறோமே. மன்னிப்பதும் ஒரு யாத்திரைதான். சிலர் முன்னால் போய்விடுகிறார்கள், சிலர் பின்னால் வருகிறார்கள். யாரும் தனியாக நடப்பதில்லை.

மீண்டும் எழுதுகிறேன். மருந்தகத்து மணி அடிக்கிறது.

மாதா உன்னை மூடிக் காக்கட்டும்.

ஆக்னஸ்


புதுப்பட்டினம்
22.9.2000

அக்கா,

முட்டி வலிக்கிறது. பிரதீபா சாப்பிடுகிறாள். நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை.

நான் பின்னால் வருகிறவள், நீ முன்னால் போனவள், அப்படித்தானே? நான் அந்த வழியில் கால் வைக்கவே இல்லை. நடந்துகொண்டிருக்கிறேன் என்று நீயாக ஊருக்குச் சொல்லிவிட்டு, இப்போது எனக்காகக் காத்திருப்பதுபோல் எழுதுகிறாய்.

உன் யாத்திரை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேள். போன ஞாயிறு பூசை முடிந்து பங்குத்தந்தை கூப்பிட்டார். அக்டோபர் ஜெபமாலை மாதா திருவிழாவில் யூபிலிக்காக ஒப்புரவு வழிபாடு வைக்கிறாராம். பீடத்துக்கு முன்னால் நானும் ராயப்பனும் சேர்ந்து ஒரே மெழுகுதிரியை ஏற்ற வேண்டுமாம்.

"ராயப்பன் என்னிடம் எதுவும் கேட்கவேயில்லையே, ஃபாதர்" என்றேன்.

"அதான் சிஸ்டரே வந்து ஒங்க குடும்பத்து சார்பா சொல்லிட்டாங்களே, டீச்சர். கஞ்சியும் ஊத்துனீங்களே. ஊரே பேசுது. நீங்க படிச்சவங்க, ஒங்களப் பாத்துதான் மத்தவங்க கத்துக்கணும்."

நான் என்ன கரும்பலகையா, என்மேல் எழுதிக் காட்ட? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "முட்டி வலி ஃபாதர், அவ்வளவு நேரம் நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்படிச் சொன்னதற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது. உண்மையான காரணத்தை ஏன் சொல்லவில்லை? நல்லவள் என்ற பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அந்தப் பெயரும் நீ வாங்கிக் கொடுத்ததுதான்.

போனாயா, இல்லையா? ஒரே வரியில் எழுது. பாதம் கழுவிய கதையெல்லாம் வேண்டாம்.

அமலி


ஜஷ்பூர்
15.10.2000

அன்பு அமலி,

உன் முட்டிக்கு என்னால் இங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

போனேன்.

உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். சொன்னால் நீ தடுப்பாய் என்று தெரியும். அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. தந்தி வந்து, ரயில் பிடித்து, நான் வந்தபோது மண்கூடக் காய்ந்திருந்தது. மே மாதம் வந்தபோதும் நீ என்னிடம் அழவில்லை; சமைத்தாய், பள்ளிக்கூடப் பேப்பர் திருத்தினாய். சாவு விழுந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதைச் செய்யப் போனேன்.

அவன் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி செலின் சொன்னாள், "சோறு துன்றதில்ல சிஸ்டர். ரோட்ல வண்டி போற சத்தம் கேட்டா காதப் பொத்திக்கினு உக்காந்துகினு கீறாரு. பெயில்ல வந்ததுலேர்ந்து இப்டித்தான். ஒரு வார்த்த சொல்லுங்க." ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அவன் தலையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். கை தானாக அவன் தலைமேல் போனது. "எங்க குடும்பமே ஒன்ன மன்னிச்சிடுச்சு, எழுந்திரு" என்றேன்.

குடும்பம் என்று சொல்லியிருக்கக் கூடாது. நாக்கில் அப்படித்தான் வந்தது. ஆனால் அமலி, அவன் அன்றைக்குச் சாப்பிட்டான். என் கண் முன்னால் சாப்பிட்டான்.

உன் அன்பு அக்கா
ஆக்னஸ்


புதுப்பட்டினம்
18.11.2000

அக்கா,

நலம். நீயும் நலமாக இரு.

அவன் சாப்பிட்டான் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். நீ ஊட்டியது என் சோறு. ஒரு வாய் சாப்பிடுவதற்கு முன்னால் அவனிடம் நீ ஒன்று கேட்டிருக்கலாம்: "என்னப்பா செய்தாய்?" என்று. பாவசங்கீர்த்தனத்தில்கூட முதலில் பாவத்தை வாயால் சொல்ல வேண்டும். பாவத்தைக் கேட்காமலே மன்னிப்பு கொடுக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? குருக்களுக்கே இல்லாத அதிகாரம்.

போன வியாழக்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டில் முதல் சாட்சி. மதலைமுத்து அண்ணன். அவர் ஆஸ்பத்திரியில் வைத்துப் போலீஸ்காரரிடம் தெளிவாகச் சொன்னவர்: வண்டி இடித்தது, கொஞ்ச தூரம் போய் நின்றது, டிரைவர் இறங்கி வந்து பார்த்தான், திரும்ப ஏறிப் போய்விட்டான். இடித்தது மட்டும் என்றால் விபத்து. பார்த்துவிட்டுப் போனான் பார், அதற்குத்தான் நான் ஒன்றேகால் வருஷமாகக் காத்திருக்கிறேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். வழியில் வந்த ஜல்லி லாரிக்காரர் ஏற்றிக்கொள்ளும்வரை அவர் ரத்தத்தோடு தார் ரோட்டில் கிடந்தார்.

கூண்டில் ஏறியதும் அண்ணன் என்ன சொன்னார்? "வெளக்கு வச்ச நேரம்ங்கய்யா. இருட்டிப் போச்சி. வண்டி நின்னுதா நிக்கலியான்னு சரியாத் தெர்ல."

அரசு வக்கீல் சியாமளா மேடம் பேனாவை மேஜையில் போட்டுவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் அண்ணனைப் பிடித்தேன்.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?"

"இன்னாமா பேசற நீ? ஒங்கக்காவே மன்னிச்சாச்சின்னு கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ட்டுப் போய்கீது. அந்தப் பையன் எங்கூட வேளாங்கண்ணி வரைக்கும் வெறுங்கால்ல வந்தான். கால்ல தோலே இல்லம்மா. நீயே கஞ்சி ஊத்துன. சிஸ்டரு, கட்னவ எல்லாம் வுட்டப்பறம் நா இன்னாத்துக்கு அவன உள்ள தள்ளிட்டு பாவத்தக் கட்டிக்கணும்?"

"பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன். அது நெஞ்சுல கீது. கூண்டுல ஏறுனா வாய்ல வர்ல. வுடும்மா, பேஜாரு."

வீடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. நீ சதுரங்கப்பட்டினத்தில் தூக்கிய கை செங்கல்பட்டு கோர்ட்டில் வந்து ஒருவர் வாயை மூடியிருக்கிறது. அந்த மனிதரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் இரக்கம் என்று நினைத்துத்தான் செய்தார். எல்லோரும் அப்படி நினைத்துத்தான் செய்கிறீர்கள்.

அடுத்த சாட்சி நான். விபத்து நடந்த அந்த வருஷம் பிரதீபாவுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததற்காக முதல்முறையாக நானும் நடந்தேன் அல்லவா? மார்ச் மாதம் தேதி போட்டிருக்கிறார்கள். இனி அந்த ரோட்டில் நடந்ததைச் சொல்ல நான் ஒருத்திதான் பாக்கி.

அமலி


ஜஷ்பூர், சத்தீஸ்கர்
20.12.2000

பாலன் இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும், அமலி.

மேலே பார்த்தாயா? எங்கள் மாநிலத்துக்குப் பெயர் மாறிவிட்டது. ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும் என்று எங்கள் மடத்து மதர் புலம்புகிறார். குளிர் அதிகம். நீ அனுப்பிய பச்சைக் கம்பளிச் சட்டைதான் காப்பாற்றுகிறது. பிரதீபாவுக்கு ஒரு சின்னக் கிறிஸ்துமஸ் குடில் அனுப்பியிருக்கிறேன். இங்கே பிள்ளைகள் சால் மரத்தில் செதுக்கியது.

செலின் எனக்கு எழுதியிருந்தாள். அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ராயப்பன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. வலை இழுக்கப் போகிறான். உன்னைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. உனக்காக ஜெபமாலை சொல்கிறார்களாம்.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பார். அந்த நேரத்தில் நீ எந்த நிலையில் இருந்தாய்? கண்ணெதிரே புருஷன் விழுந்தால் யாருக்கு எது தெளிவாகத் தெரியும்? "அதிர்ச்சியில் இருந்தேன், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை" என்று சொன்னால் அது பொய்யாகாது. பிலவேந்திரன் திரும்பி வரப்போவதில்லை. ஒரு குழந்தைக்காவது அப்பன் வீட்டில் இருக்கட்டும்.

இதை எழுத எனக்குப் பல நாள் ஆனது. கோபிக்காதே.

ஆக்னஸ்


புதுப்பட்டினம்
2.1.2001

அக்காவுக்கு,

குடில் வந்து சேர்ந்தது. பிரதீபாவுக்குப் பிடித்திருந்தது. வருஷம் பிறந்துவிட்டது.

கோபிக்காதே என்று எழுதியிருக்கிறாய். கோபத்தைத் தவிர எனக்கு நீங்கள் யாரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதையும் கேட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது?

நான் எந்த நிலையில் இருந்தேன் என்றுதானே கேட்டாய்? சொல்கிறேன். இதை நான் போலீசிலும் சொல்லவில்லை. மதலைமுத்து அண்ணன் சொன்னதை எழுதிவிட்டு, "நீங்களும் இதான பாத்தீங்க?" என்று கேட்டார் போலீஸ்காரர். தலையாட்டினேன். அவ்வளவுதான் என் வாக்குமூலம்.

கூட்டம் முன்னால் போய்விட்டது; மதலைமுத்து அண்ணன் மட்டும் எங்களுக்காகக் கொஞ்ச தூரத்தில் நின்று நின்று போனார். எனக்குக் கால் கொப்பளித்து மெதுவாக நடந்தேன். அவர் எனக்காகப் பின்தங்கி, டார்ச்சைப் பின்பக்கம் காட்டிக்கொண்டு வந்தார். "இன்னும் ரெண்டு மைல்தான் டீச்சர், அழுதுடாத" என்று கேலி பண்ணினார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் ரோட்டோரம் கிடந்தார். வண்டி தள்ளிப் போய் நின்றது. பின்னாலேயே எடுத்தான், விளக்கை எங்கள் பக்கம் திருப்பி நிறுத்தினான். இறங்கி அந்த வெளிச்சத்தில் வந்து நின்றான். முகம் பகல் மாதிரி தெரிந்தது.

நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "ராயப்பா, டீச்சர்டா. தூக்குடா அவர, வண்டில ஏத்துடா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். போய் வண்டியில் ஏறிவிட்டான். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

வகுப்பில் நான் ஒரு சத்தம் போட்டால் ஓடுகிற பிள்ளைகள் நின்றுவிடும். அவனும் அப்படி நின்றவன்தான். என் குரலைக் கேட்டும் அவன் நிற்காததை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஏதோ நான் சரியாகக் கூப்பிடாத மாதிரி. இன்னும் கொஞ்சம் நயமாகக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பானோ என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். பார், அந்தக் குற்றத்தையும் நான்தான் சுமக்கிறேன். அவனுக்கு நீ இறக்கி வைத்துவிட்டாய்.

எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எல்லாம் தெரிந்தது. அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது உட்பட.

இப்போது சொல், நீ எதை மன்னித்தாய்?

அமலோற்பவம்


புதுப்பட்டினம்
10.2.2001

அக்கா,

ஐந்து வாரமாகிறது. பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மதரையாவது ஒரு வரி எழுதச் சொல். கோபம் வேறு, இது வேறு.

இங்கே ஒன்றும் விசேஷமில்லை. யூபிலி ஆண்டு முடிந்துவிட்டது. ரோமில் யூபிலிக்காகத் திறந்து வைத்திருந்த புனிதக் கதவைச் சாத்தியதை டிவியில் காட்டினார்கள். நல்லவேளை, அதற்குள் மன்னித்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு இல்லை. மெழுகுதிரியை அக்டோபரில் ராயப்பன் தனியாகவே ஏற்றினானாம். நான் அன்று பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்துக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் ஆறாம் தேதி எனக்குக் கோர்ட்.

அமலி


ஜஷ்பூர்
24.2.2001

அமலி,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் வந்துவிட்டது. அதனால் கிழித்தேன்.

நான் எதை மன்னித்தேன் என்று கேட்டாய். எனக்குத் தெரியாததை. அவன் அழுதது எனக்குத் தெரிந்தது, நீ கூப்பிட்டது தெரியவில்லை. நான் வந்த இரண்டு முறையும் நீ என் பக்கத்தில் வந்து உட்காராததற்கும் காரணம் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. நோயாளி வாய் திறப்பதற்கு முன்னால் மாத்திரை கொடுக்கிற பழக்கம் இருபத்தாறு வருஷத்தில் எனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

ராயப்பனுக்கு எழுதிவிட்டேன். நான் சொன்னது என் ஒருத்தியுடைய வார்த்தை, டீச்சருடையதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, அதை நீ டீச்சரிடமிருந்து வாங்கியதாக நினைத்துக்கொண்டு நடமாடாதே என்று. பங்குத்தந்தைக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.

ஆறாம் தேதி என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். டிசம்பரில் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன்.

அந்த வார்த்தையை, "ராயப்பா, டீச்சர்டா", தினமும் காலை ஜெபத்தில் கேட்கிறேன். என்னால் ஜெபிக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா


புதுப்பட்டினம்
8.3.2001

அக்கா,

நீ நன்றாயிருக்கிறாய் என்று தெரிந்து மனசு ஆறியது. இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் போடு. மாத்திரையை மட்டும் நம்பாதே.

முந்தாநாள் கூண்டில் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பேர் சொல்லிக் கூப்பிட்டது உட்பட. அவன் பக்கத்து வக்கீல் எழுந்தார்.

"இத ஏம்மா போலீஸ்ல சொல்லல?"

"அவங்க கேட்கல. நானும் சொல்லல. வெட்கமா இருந்தது."

"போன ஆகஸ்ட்ல இவருக்கு நீங்க ஒங்க கையால கஞ்சி ஊத்துனீங்களா இல்லியா? மன்னிச்சாச்சுன்னுதான அர்த்தம்? இப்ப யாரோ தூண்டிவுட்டு வந்து பேசறீங்க."

"பசின்னு தட்டு நீட்டினவங்க எல்லாருக்கும் ஊத்தினேன் சார். நீங்க வந்திருந்தா ஒங்களுக்கும் ஊத்தியிருப்பேன்."

கோர்ட்டில் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சாட்சியெல்லாம் முடிந்ததும் மாஜிஸ்திரேட் அவனைக் கேட்டார், "இவங்க சொன்னதப் பத்தி நீ என்ன சொல்ற?" பொய்ச் சாட்சி என்று சொல்லத்தான் வக்கீல்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று சியாமளா மேடம் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். வக்கீல் பின்னாலிருந்து, "பொய்னு சொல்லுய்யா" என்று பல்லைக் கடித்தார்.

"கூப்டாங்கய்யா" என்றான். "டீச்சர் கூப்டாங்க. கேட்டுச்சி. பயந்துகினு பூட்டேன்."

அவ்வளவுதான். வக்கீல் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வராந்தாவில் செலின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "திருப்தியா டீச்சர்? எங்க வூட்ட அடைச்சாச்சா? நல்லா இருங்க" என்றாள். அவள் கோபம் எனக்குப் புரிந்தது. என் கோபத்தை அவளும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவனும் பின்னால் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. "சிஸ்டர் கடுதாசி போட்டாங்க. அதுக்கப்பறம் தூக்கமே இல்ல டீச்சர்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மன்னிப்பு கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

அவன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், இந்த நெருப்பு அணைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அணையவில்லை. நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை சோதனைக் குழாயை உடைத்ததற்கு அப்படிக் கத்தினேன். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. நான் சரியாகத்தான் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்டது. அந்தச் சுமை என்னுடையது இல்லை என்று இப்போது தெரியும்.

இருபத்தெட்டாம் தேதி தீர்ப்பு. அவனே ஒத்துக்கொண்டதால் உள்ளே போவது நிச்சயம் என்கிறார் மேடம். எத்தனை மாதம் என்பதுதான் தெரியவில்லை. பங்குத்தந்தை பூசையில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்தத் தவக்காலத்தில் யாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. நிம்மதியாக இருக்கிறது.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். பிரதீபாவுக்குத் தெரியாது. நேற்று முழந்தாளிட்டபோது ஆண்டவரிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு எழுதலாமா என்று இந்தக் காகிதத்தின் அடிவரைக்கும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

அவனை எந்தச் சிறையில் போட்டாலும் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கப் போகிறேன். செங்கல்பட்டோ, வேலூரோ, பஸ் போகிற இடம்தான். வேளாங்கண்ணிக்கு இனி நடக்க மாட்டேன். என் கால் இந்த வழிக்குத்தான் வரும். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் போகவில்லை. அந்த வார்த்தை என்னிடம் இல்லை. எப்போதாவது வருமா என்றும் தெரியாது. இருக்கிற கோபத்தோடுதான் பஸ் ஏறுவேன். போய் என்ன பேசுவேன் என்று கேட்காதே. ஒருவேளை ஒன்றும் பேசாமல் திரும்பி வருவேன். அவன் அங்கே இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். நான் இங்கே இருக்கிறேன் என்று அவனும் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு பேர் வைக்காதே, அக்கா. ஜெபத்தில் சேர்க்காதே. முக்கியமாக, எனக்கு முந்திக்கொண்டு அவனிடம் சொல்லிவிடாதே.

அமலி